குரோஷே பொம்மை பின்ன ஆசையா? கரடிக்கு முன்னால் ஒரு பந்து போடுங்க!

ரீல்ஸில் உள்ளங்கை அளவு கரடியைப் பார்த்ததும், “இதை நாமே பின்னிடலாமே” என்று பலருக்கும் தோன்றும். ஊசியும் நூலும் வாங்கி, முதல் வட்டத்திலேயே சிக்கி, எல்லாவற்றையும் அலமாரியில் போட்டு மூடியவர்களும் உண்டு. கரடிக்குப் பதில் பந்தில் ஆரம்பித்தால் இந்தச் சிக்கல் பாதி குறையும்.

அமிகுருமி என்றால் என்ன?

இந்தக் குட்டிப் பொம்மைகளுக்கு ஜப்பானியப் பெயர் அமிகுருமி. ‘அமி’ என்றால் பின்னல். ‘நுய்குருமி’ என்றால் பஞ்சடைத்த பொம்மை. ‘சிங்கிள் குரோஷே’ என்ற ஒரே ஸ்டிச்சைச் சுற்றிச் சுற்றிப் போட்டாலே பொம்மையின் பெரும்பகுதி முடிந்துவிடும். அமெரிக்க முறையில் ‘சிங்கிள்’ எனப்படுவதை பிரிட்டிஷ் முறையில் ‘டபுள்’ என்பார்கள். எனவே, பேட்டர்ன் எந்த முறையில் எழுதப்பட்டது என்று முதலில் பார்ப்பது நல்லது.

என்ன வாங்கலாம்?

வெளிர் நிறத்தில், வழவழப்பான பருத்தி அல்லது அக்ரிலிக் நூல் போதும். கறுப்பு நூலிலும், புசுபுசு நூலிலும் ஸ்டிச் கண்ணுக்கே தெரியாது. நூல் லேபிளில் 4 மி.மீ. ஊசி என்று இருந்தால், 3 அல்லது 3.5 மி.மீ. ஊசி வாங்கலாம். பின்னல் நெருக்கமாக இருந்தால்தான் உள்ளே இருக்கும் பஞ்சு வெளியே எட்டிப் பார்க்காது. வட்டம் தொடங்கும் இடத்தைக் குறிக்க ஒரு சேஃப்டி பின் போதும்.

பந்து போடுவது எப்படி?

முதல் வட்டத்தில் 6 ஸ்டிச். இதை ‘மேஜிக் ரிங்’ முறையில் தொடங்குவார்கள். அது கைக்கு வராவிட்டால், 2 செயின் போட்டு, முதல் செயினுக்குள் 6 ஸ்டிச் போடலாம். அடுத்தடுத்த வட்டங்களில் ஆறு ஆறாகக் கூட்டி 12, 18, 24. பிறகு 4 வட்டம் 24-லேயே போக வேண்டும். அதன்பின் இரண்டிரண்டு ஸ்டிச்சை ஒன்றாக்கி 18, 12 எனக் குறைத்து, பாலியஸ்டர் பஞ்சை அடைத்து, 6-க்கு வந்ததும் நூலை இழுத்து மூடினால் பந்து ரெடி. இதுதான் கரடியின் தலை. கொஞ்சம் நீட்டினால் உடம்பு.

ஒவ்வொரு வட்டம் முடிந்ததும் எண்ண வேண்டும். 18-க்கு 17 வந்தால் கவலை வேண்டாம். குரோஷேயில் ஊசியில் இருப்பது ஒரே லூப் என்பதால், நூலை இழுத்தாலே அவிழ்ந்துவிடும், மறுபடி போடலாம்.

குழந்தைக்குக் கொடுக்கலாமா?

இங்கேதான் கவனம் தேவை. ‘சேஃப்டி ஐ’ என்ற பிளாஸ்டிக் கண்ணின் பெயரில்தான் சேஃப்டி! பின்னல் விரிந்தால் அது கழன்று வரலாம். 3 வயதுக்குட்பட்ட குழந்தை விழுங்கினால் மூச்சு அடைக்கும். கண், மூக்கை நூலாலேயே தைப்பதுதான் பாதுகாப்பு. நீளமான நூல் தொங்கக் கூடாது. ஒரு வயது ஆகாத குழந்தை தூங்கும் இடத்தில் எந்தப் பஞ்சு பொம்மையும் வேண்டாம்.

விற்கலாமா?

14 வயதுக்குட்பட்டோருக்கான பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். மத்திய அரசின் கைவினைப் பொருட்கள் மேம்பாட்டு ஆணையரிடம் பதிவு செய்த கைவினைஞர்கள் தயாரித்து விற்கும் பொம்மைகளுக்கு இதில் விலக்கு உண்டு. இன்ஸ்டாவில் ஆர்டர் எடுக்க நினைப்பவர்கள், முதலில் இந்தப் பதிவை முடித்துவிடுவது நல்லது.