சாவி யாரிடம் இருக்கிறது? கிரிப்டோ வாங்குமுன் தெரிய வேண்டிய சொற்கள்

இந்திய விளம்பரத் தர நிர்ணய மன்றம் 2022 ஏப்ரல் 1 முதல் கிரிப்டோ விளம்பரங்களுக்கு ஒரு கட்டுப்பாடு விதித்தது. ‘கரன்சி’, ‘செக்யூரிட்டீஸ்’, ‘கஸ்டோடியன்’, ‘டெபாசிட்டரி’ ஆகிய நான்கு சொற்களை அவற்றில் பயன்படுத்தக் கூடாது. இவற்றைக் கேட்டதும் பின்னால் ரிசர்வ் வங்கியோ செபியோ நிற்கிறது என்று மக்கள் நம்பிவிடுவார்கள் என்பதே காரணம். நஷ்டம் வந்தால் முறையிட எந்த ஒழுங்குமுறை அமைப்பும் இல்லாமல் போகலாம் என்ற எச்சரிக்கையையும் விளம்பரத்தில் சேர்க்கச் சொன்னது.

விளம்பரத்துக்கு வெளியே வங்கிச் சொற்கள் தாராளமாகப் புழங்குகின்றன. வாலட், டெபாசிட், வட்டி, எக்ஸ்சேஞ்ச், ஸ்டேபிள் என்று எல்லாமே பழகிய பெயர்கள். வங்கியே திவாலானாலும் உங்கள் டெபாசிட்டில் 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. கிரிப்டோவுக்கு அப்படி எதுவும் கிடையாது. ஆகவே இந்தத் துறையில் புதிய சொல் ஒன்று காதில் விழுந்தால் ஒரு கேள்வி கேளுங்கள்: என் பொருள் இப்போது யார் கையில் இருக்கிறது, காணாமல் போனால் நான் யாரைப் பிடிப்பது?

வாலட்டிலிருந்து தொடங்கலாம். கிரிப்டோ வாலட்டுக்குள் காயின் எதுவும் இருப்பதில்லை. யாரிடம் எவ்வளவு இருக்கிறது என்பது பிளாக்செயினில், அதாவது உலகெங்கும் பல்லாயிரம் கணினிகளில் ஒரே மாதிரி எழுதப்படும் பொதுப் பேரேட்டில் இருக்கிறது. வாலட்டில் இருப்பது ‘பிரைவேட் கீ’ எனப்படும் ரகசியச் சாவி. அந்தச் சாவியை மீட்டெடுக்க உதவும் 12 அல்லது 24 ஆங்கிலச் சொற்களின் வரிசைதான் ‘சீட் ஃபிரேஸ்’. அதைக் கைமாற்றுவது, கையெழுத்துப் போட்ட வெற்றுக் காசோலையைக் கொடுப்பதற்குச் சமம். ‘கஸ்டமர் கேர்’ என்று பேசுகிறவர் கேட்டாலும், ‘வாலட்டைச் சரிபார்க்க’ என்று ஓர் இணையப் பக்கம் கேட்டாலும் கேட்பவர் திருடர், விதிவிலக்கே கிடையாது. அதை போனில் படமெடுத்து வைக்காதீர்கள், வாட்ஸ்அப்பில் உங்களுக்கு நீங்களே அனுப்பியும் வைக்காதீர்கள். தாளில் எழுதிப் பத்திரப்படுத்துங்கள். தொலைந்தால் மீட்டுத் தர எந்த அலுவலகமும் இல்லை. தவறான முகவரிக்கு அனுப்பிய காயினைத் திரும்ப வரவழைக்கும் வழியும் இல்லை.

பெரும்பாலானோர் இந்தச் சாவியைப் பார்ப்பதே இல்லை. எக்ஸ்சேஞ்ச் செயலியில் வாங்கி அங்கேயே விட்டுவைக்கிறார்கள். அப்போது சாவி எக்ஸ்சேஞ்சிடம் இருக்கிறது. திரையில் தெரியும் எண் அந்த நிறுவனம் உங்களுக்குத் தர வேண்டிய கணக்கு. பெயர் ஒன்றாக இருப்பதால் இதைத் தேசியப் பங்குச் சந்தை போன்றது என்று நினைத்துவிடக் கூடாது. நீங்கள் வாங்கும் பங்கு, தரகரிடமிருந்து தனியே உங்கள் பெயரில் டிமேட் கணக்கில் இருக்கிறது. கிரிப்டோ எக்ஸ்சேஞ்சில் தரகரும் சந்தையும் பெட்டகமும் ஒரே நிறுவனம்.

இதன் விலை 2024 ஜூலை 18 அன்று தெரிந்தது. வாசிர்எக்ஸ் எக்ஸ்சேஞ்சின் வாலட் ஒன்றிலிருந்து 23 கோடி டாலருக்கும் அதிகமான காயின்கள் திருடப்பட்டன. அது ‘மல்டிசிக்’ வாலட், அதாவது பலர் ஒப்புதல் தந்தால்தான் திறக்கும் வகை. அப்படியிருந்தும் போயிற்று. வடகொரிய ஹேக்கர்களின் வேலை என்று அமெரிக்கா, ஜப்பான், தென்கொரியா மூன்றும் 2025 ஜனவரியில் கூட்டாக அறிவித்தன. திருடுபோகாத காயின்களை வைத்திருந்தவர்களின் கணக்குகளும் முடங்கின. இழப்பை எல்லா வாடிக்கையாளர்களும் பகிர்ந்துகொள்ளும் திட்டம் சிங்கப்பூர் நீதிமன்றத்துக்குப் போனது, தாய் நிறுவனம் அங்கே பதிவானது என்பதால்.

சென்னையிலிருந்து கணக்கு வைத்திருந்த ஒரு முதலீட்டாளர் இந்தத் திட்டத்தை ஏற்காமல் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடினார். அவரிடம் இருந்தது எக்ஸ்ஆர்பி என்ற காயின். திருடுபோனதோ எத்தீரியம் என்ற வேறு பிளாக்செயினைச் சார்ந்த டோக்கன்கள். 2025 அக்டோபரில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் அளித்த உத்தரவு ஒவ்வொரு கிரிப்டோ முதலீட்டாளருக்கும் தெரிந்திருக்க வேண்டியது. கிரிப்டோ தொட்டுணரும் பொருளும் இல்லை, நாணயமும் இல்லை. ஆனாலும் அது சொத்து, ஒருவருக்காக இன்னொருவர் நம்பிக்கைப் பொறுப்பில் வைத்திருக்கக்கூடிய சொத்து என்றது நீதிமன்றம். பணம் இந்திய வங்கிக் கணக்கிலிருந்து போயிருப்பதால் இங்கே வழக்குத் தொடரலாம் என்பதையும் ஏற்று இடைக்காலப் பாதுகாப்பு அளித்தது. ஒழுங்குமுறை அமைப்பு இல்லை என்பதால் உரிமையே இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்த உரிமையை நிலைநாட்ட உங்களுக்குத் தேவை ஆவணம். வாங்கிய தேதி, தொகை, வங்கிப் பரிவர்த்தனை எண், எக்ஸ்சேஞ்சின் விதிமுறைகள் எல்லாவற்றையும் இன்றே இறக்கிச் சேமியுங்கள். மத்திய அரசின் நிதி நுண்ணறிவுப் பிரிவில் பதிவு செய்யாத எக்ஸ்சேஞ்ச் பக்கமே போகாதீர்கள். 2023 மார்ச் முதல் இந்தியாவில் சேவை தருபவை சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன. ஆனால் அந்தப் பதிவு உங்கள் பணத்துக்கு உத்தரவாதம் ஆகாது.

‘ஸ்டேபிள்காயின்’ என்பது ஒரு டாலருக்கு ஒன்று என விலையை நிறுத்தி வைக்க முயலும் காயின். முயலும் என்பதை அழுத்திச் சொல்கிறேன். 2022 மே மாதம் டெரா யுஎஸ்டி என்ற ஸ்டேபிள்காயின் சில நாட்களில் சரிந்து, அதோடு இணைந்த லூனா காயினும் மண்ணோடு மண்ணானது. பின்னால் டாலர் இருப்பு இல்லாமல் நிரலின் கணக்கையே பெரிதும் நம்பிய காயின் டெரா யுஎஸ்டி.

அடுத்தது ‘சீப் காயின்’. பைசாவில் கிடைக்கிறது, ஒரு ரூபாய் ஆனால் கோடீஸ்வரன் என்று சொல்லி விற்பார்கள். விலையைப் பார்க்காமல் ‘மார்க்கெட் கேப்’ பாருங்கள்: விலையைப் புழக்கத்தில் உள்ள மொத்தக் காயின்களின் எண்ணிக்கையால் பெருக்கிய தொகை. பிட்காயின் அதிகபட்சம் 2 கோடியே 10 லட்சம்தான். ஷிபா இனு தொடங்கியது 1,000 லட்சம் கோடி காயின்களோடு. கணிசமான பகுதியை அழித்த பிறகும் 500 லட்சம் கோடிக்கு மேல் இருக்கிறது. அது ஒரு ரூபாயைத் தொட்டால் அதன் மொத்த மதிப்பு இந்தியாவின் ஓராண்டு உள்நாட்டு உற்பத்தியையே தாண்டிவிடும். இந்தப் பெருக்கலைப் போட்டுப் பார்த்தாலே பாதி ஆசைகள் அடங்கும்.

வரிச் சட்டத்தில் கிரிப்டோவுக்குப் பெயர் ‘மெய்நிகர் டிஜிட்டல் சொத்து’. லாபத்துக்கு 30 சதவீதமும் அதன்மேல் 4 சதவீத செஸ்ஸும் உண்டு. ஒரு காயினில் 1 லட்சம் லாபம், இன்னொன்றில் 1 லட்சம் நஷ்டம் என்றால் கையில் எதுவும் மிஞ்சாது. ஆனாலும் 31,200 ரூபாய் வரி கட்ட வேண்டும். நஷ்டத்தை ஈடுகட்டவோ அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோகவோ முடியாது. விற்கும்போது பிடிக்கும் 1 சதவீத டிடிஎஸ் லாபத்தின் மீது அல்ல, விற்பனைத் தொகையின் மீது. வருமான வரிக் கணக்கில் காட்டினால்தான் அது உங்கள் கணக்கில் வரவாகும்.

ஒருவருக்கொருவர் நேரடியாக விற்பதைக் குறிக்கும் ‘பி2பி’ என்ற சொல்லில் இன்னும் கவனம் வேண்டும். முன்பின் தெரியாதவருக்கு யுஎஸ்டிடி என்ற ஸ்டேபிள்காயினை விற்கிறீர்கள். உங்கள் வங்கிக் கணக்கில் பணம் வருகிறது. அது எங்கோ ஒருவரை ஏமாற்றிப் பறித்த பணமாக இருந்தால், வேறு மாநிலக் காவல் துறையின் கடிதம் ஒன்றே உங்கள் கணக்கை முடக்கிவிடும். பதறாமல் வங்கியிடம் எழுத்துப்பூர்வமாகப் புகார் எண்ணையும் காவல் நிலையத்தையும் கேளுங்கள். விற்பனை ஆதாரங்களை விசாரணை அதிகாரிக்கு அனுப்புங்கள். பலனில்லை என்றால் நீதிமன்றத்தில் மனு செய்யலாம்.

டெலிகிராமில் ‘குரு’ சேர்த்துவிடும் போலிச் செயலிகளில் லாபம் திரையில் ஏறிக்கொண்டே போகும். பணத்தை எடுக்கப் போனால் ‘முதலில் வரி கட்டுங்கள்’ என்பார்கள். வரி அரசுக்குக் கட்டுவது, செயலிக்கு அல்ல. அங்கேயே நிறுத்துங்கள். உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள். தேசிய சைபர் குற்ற இணையதளத்தில் புகார் பதியுங்கள். வங்கிப் பரிவர்த்தனை எண், காயின் போன வாலட் முகவரி, ‘டிரான்சாக்‌ஷன் ஹாஷ்’ எனப்படும் பிளாக்செயின் ரசீது எண் மூன்றும் புகாரில் இருக்கட்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணம் கைமாறுவதற்குள் தடுக்க அவ்வளவு வாய்ப்பு. மாதா மாதம் இவ்வளவு தருகிறோம் என்று கூட்டம் போட்டு வசூலித்த திட்டமானால், தமிழ்நாட்டில் பொருளாதாரக் குற்றப் பிரிவிடம் போங்கள். 1997-ஆம் ஆண்டின் முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மோசடிக்காரரின் சொத்துகளை முடக்க வழி இருக்கிறது.

புகார் கொடுத்த பிறகு, “உங்கள் கிரிப்டோவை மீட்டுத் தருகிறோம், முன்பணம் அனுப்புங்கள்” என்று ஓர் அழைப்பு வரக்கூடும். ஏமாந்தவர்களின் பட்டியலை வைத்துக்கொண்டு பேசும் இன்னொரு மோசடிக் கூட்டம் அது. காவல் துறையோ நீதிமன்றமோ மீட்புக்கு முன்பணம் கேட்பதில்லை. அந்த எண்ணையும் அதே புகாரில் சேர்த்துவிடுங்கள்.