'ரெசிக்னேஷன்' வேற... 'ரிட்ரெஞ்ச்மென்ட்' வேற... கையெழுத்து போடும் முன் உஷார்!

கம்பெனியில் ஆள் குறைக்கிறார்கள் என்றால் தொழிலாளியின் கையில் ஆங்கிலத்தில் ஒரு கடிதத்தைக் கொடுப்பது வழக்கம். "எல்லாம் ஒண்ணுதானே... வேலை போச்சு" என்று பலர் படிக்காமலே கையெழுத்து போட்டு விடுகிறார்கள். ஆனால் அதில் இருக்கும் ஒரே ஒரு சொல்லில் பல மாத சம்பளம் அடங்கி இருக்கிறது.

வால் முளைத்த சொற்கள்

இந்த சொற்களை அடையாளம் காண்பது கஷ்டம் இல்லை. எல்லாமே வினைச்சொல்லில் இருந்து பிறந்த பெயர்ச்சொற்கள். தமிழில் 'நடி'யுடன் 'பு' சேர்ந்தால் நடிப்பு. ஆங்கிலத்திலும் அதே கதைதான். 'ரிட்ரெஞ்ச்' என்பதில் 'மென்ட்' ஒட்டினால் ரிட்ரெஞ்ச்மென்ட். 'டிஸ்மிஸ்' என்பதில் 'அல்' ஒட்டினால் டிஸ்மிசல். 'ரிசைன்' மட்டும் கொஞ்சம் ஏமாற்றும். 'ஏஷன்' ஒட்டியதும், அதுவரை எழுத்தில் மட்டும் இருந்த 'க்' சத்தம் வெளியே வந்து ரெசிக்னேஷன் ஆகிவிடும்.

வால் இல்லாமலும் பெயர் பிறக்கும். 'அவனை அடி' என்பதில் அடி வினை. 'அடி வாங்கினான்' என்பதில் அதே அடி பெயர். 'லே-ஆப்' இந்த ரகம்.

பரீட்சையில் ஒன்று, சட்டத்தில் வேறு

பள்ளிக்கூட பரீட்சையில் இவற்றை ஒரே பொருள் தரும் சொற்கள் என்று எழுதினால் மார்க் கிடைத்தாலும் கிடைக்கலாம். சட்டத்தில் கிடைக்காது.

லே-ஆப்: வெளிநாட்டு ஐ.டி. கம்பெனி செய்திகளில் இதற்கு வேலை நீக்கம் என்று பொருள். நம் நாட்டு தொழிலாளர் சட்டத்தில் அப்படி இல்லை. தற்காலிகமாக வேலை தர முடியாத நிலை, அவ்வளவுதான். பெயர் பதிவேட்டில் இருக்கும். தகுதி உள்ளவர்களுக்கு அடிப்படை சம்பளம், பஞ்சப்படியில் பாதி உண்டு.

ரிட்ரெஞ்ச்மென்ட்: ஆட்குறைப்பு. முடித்த ஒவ்வொரு வருட சர்வீசுக்கும் 15 நாள் சம்பளம் இழப்பீடு. 10 வருடம் உழைத்தவருக்கு 150 நாள் சம்பளம்.

டிஸ்மிசல்: தவறு செய்ததாக குற்றம் சாட்டி நீக்குவது. இதற்கு அந்த இழப்பீடு கிடையாது.

ரெசிக்னேஷன்: தானாகவே விலகுவது. பி.எப். பணம் வரும், தகுதி இருந்தால் கிராஜுவிட்டியும் வரும். ஆட்குறைப்பு இழப்பீடு மட்டும் வராது. "நானே விலகுகிறேன்" என்று எழுதிக் கொடுத்து விட்டு பிறகு இழப்பீடு கேட்டுப் போராடுவது ரொம்ப கஷ்டம்.

டெர்மினேஷன்: பொதுவாக வேலை முடிவு. என்ன காரணம் எழுதி இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

கடைசி வரியிலும் கவனம்

கையெழுத்து போடும் இடத்திலும் இதே வித்தியாசம்தான். 'ரிசீவ்டு' என்றால் கடிதம் கைக்கு வந்தது. 'அக்செப்டட்' என்றால் அதில் உள்ளதை ஒப்புக்கொண்டாச்சு. புரியவில்லை என்றால் அவசரப்பட வேண்டாம். யூனியனிலோ, வக்கீலிடமோ, தொழிலாளர் துறை அலுவலகத்திலோ காட்டி விட்டு பேனாவை எடுக்கலாம்.