வாரம் ஒரு செய்தி, வருடமெல்லாம் வியாபாரம்

மாங்காடு காமாட்சி அம்மன் கோயிலுக்கு ஆறு வாரம் தொடர்ந்து வருவதாக வேண்டிக்கொண்டு எலுமிச்சம்பழத்துடன் வரும் வெளியூர் அன்பர்கள் ஏராளம். பூசைச் சாமான் கடை எங்கே, மளிகைக் கடை எங்கே என்று முன்பு எதிரில் வருபவரைக் கேட்டார்கள். இப்போது கைபேசியைக் கேட்கிறார்கள். கைபேசி காட்டாத கடை, பத்தடியில் இருந்தாலும் அவர்களுக்கு இல்லாத கடைதான்.

வணிகர்கள் பலர் கடைக்கு இணையதளம் வைத்திருக்கிறார்கள். கூகுள் வரைபடத்திலும் பெயரைச் சேர்த்திருக்கிறார்கள். ஆனால் பெயர்ப்பலகை மாட்டியதோடு வேலை முடிந்தது என்று விட்டுவிடுகிறார்கள். பழைய விலை, மாறிப்போன தொலைபேசி எண் ஆகியவை அப்படியே கிடக்கின்றன.

கூகுள் எப்படி வேலை செய்கிறது? அதன் கணினிகள் இணையப் பக்கங்களைப் படித்து, எந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பேரேடு போலக் குறித்து வைக்கின்றன. அடிக்கடி புதுச் செய்தி வரும் பக்கங்களை மீண்டும் மீண்டும் வந்து பார்க்கின்றன. அருகிலுள்ள கடைகளைக் காட்டும்போது மூன்றைக் கவனிப்பதாகக் கூகுளே கூறுகிறது: கேட்ட பொருளுக்குப் பொருத்தம், தூரம், கடைக்கு உள்ள பெயர். தூரத்தை நாம் மாற்ற முடியாது. மற்ற இரண்டும் நம் கையில் இருக்கின்றன.

தொடர்ந்து செய்தி சொல்பவருக்கு என்ன மதிப்பு என்பதற்கு நாமக்கல்லே சாட்சி. 1982இல் கோழிப் பண்ணையாளர்கள் சேர்ந்து தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழுவை அமைத்து, தாங்களே விலையை அறிவிக்கத் தொடங்கினார்கள். இன்று நாமக்கல் விலை என்ன என்று பார்க்காமல் தமிழ்நாட்டில் முட்டை வியாபாரம் இல்லை. தவறாமல் சொல்பவரைத்தான் ஊர் தேடிப் போய்க் கேட்கிறது.

நாம் என்ன எழுதலாம்? வாடிக்கையாளர் கல்லாவில் நின்று கேட்பதைத்தான். 2025 செப்டம்பர் 22 முதல் குளியல் சோப்பு, ஷாம்பு, பிஸ்கட் மீதான ஜி.எஸ்.டி. 18 விழுக்காட்டிலிருந்து 5 ஆகக் குறைந்தது. எந்தப் பொருளுக்கு எவ்வளவு குறைந்தது என்று அந்த வாரமே ஊரெல்லாம் கேட்டது. அதை நான்கு வரியில் எழுதி வைத்த கடையின் பக்கம், தேடியவர் கண்ணில் படும். பொங்கலுக்கு முன் வெல்லம் வந்த செய்தி, கோடையில் புதுப்புளி, மிளகாய், மல்லி வந்த செய்தி, பண்டிகை நாளில் கடை திறக்கும் நேரம் எல்லாமே எழுதத் தக்கவை. "மாங்காடு" என்ற ஊர்ப்பெயரும் பொருளின் பெயரும் அதில் இருக்கட்டும். தமிழிலேயே எழுதலாம்.

சில எச்சரிக்கைகள். பழைய செய்திக்குத் தேதியை மட்டும் மாற்றிப் போடுவதால் பயனில்லை. இல்லாத சரக்கை இருப்பதாக எழுதினால், தேடி வந்தவர் திட்டிவிட்டுப் போவார். அந்த வசவும் கூகுளில் ஏறும். குறை எழுதியவருக்குப் பணிவாகப் பதில் எழுத வேண்டும். வரைபடத்தில் கடையைச் சேர்க்கக் கட்டணமில்லை. பணம் வாங்கிக்கொண்டு அந்த வரிசையில் யாரையும் முன்னே தள்ளுவதில்லை என்று கூகுள் அறிவித்திருக்கிறது. ஆகவே, "முதலிடம் வாங்கித் தருகிறோம்" என்று தொலைபேசியில் பணம் கேட்பவர்களிடம் ஏமாற வேண்டாம்.

பெரிய கடைகளுக்கும் வீடு தேடி வரும் செயலிகளுக்கும் விளம்பரப் பணம் இருக்கிறது. நமக்கு ஊரைப் பற்றிய அறிவு இருக்கிறது. வாரம் ஒரு நாள், கடை அடைத்தபின் அரை மணி நேரம் ஒதுக்கி அதை எழுதி வைப்போம். எழுத நேரமில்லை என்றால் பிள்ளைகளிடம் சொல்லி எழுத வைப்போம்.