அட்வான்ஸ் கொடுக்கும் முன் அக்ரிமென்டைப் படியுங்கள்

புதுக்கோட்டையிலிருந்து சென்னைக்கு வேலைக்குப் போன பிள்ளைக்கு வீடு பார்த்துக் கொடுத்த பெற்றோரிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். வாடகைக்கு முன்னால் அட்வான்ஸைத்தான் சொல்லிப் புலம்புவார்கள். வேளச்சேரியில் மாதம் 15 ஆயிரத்துக்கு ஒரு வீடு என்றால், பத்து மாத அட்வான்ஸ் என்ற வழக்கப்படி ஒன்றரை லட்சம் எடுத்து வைக்க வேண்டும். புரோக்கர் கமிஷன் தனி. நகையை அடகு வைத்துப் பணம் அனுப்பிய வீடு எங்கள் தெருவிலேயே உண்டு.

வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் இருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் வரையறுக்கும் 2017ஆம் ஆண்டுச் சட்டம் தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருக்கிறது. மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்கிறது அது. கூடவே ஒரு வால்: ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதிக்கொண்டால் ஒழிய. பத்து மாதம் என்று டைப் செய்த தாளில் நாமே கையெழுத்துப் போட்டுவிட்டால் மூன்று மாத வரம்பு அங்கேயே போயிற்று. அதனால் பேரம் பேச வேண்டிய நேரம் கையெழுத்துக்கு முன்புதான். காலி செய்தபின் ஒரு மாதத்துக்குள், நியாயமான பிடித்தம் போக மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்பதும் அதே சட்டம்தான்.

உள்ளூரில் அட்வான்ஸ் அவ்வளவு இல்லை. ஆனால் எழுத்து விஷயத்தில் நாம் சென்னைக்காரர்களைவிட மோசம். மச்சுவாடியிலும் திருக்கோகர்ணத்திலும் 'தெரிஞ்சவங்கதானே' என்ற ஒரு வார்த்தையில் வீடு கைமாறிவிடும். ஒப்பந்தம் எழுதிக்கொள்ளாததையே காரணம் காட்டி வீட்டைக் காலி செய்யக் கேட்க, உரிமையாளருக்கு இந்தச் சட்டம் வழி விட்டிருக்கிறது. பதினொரு மாத அக்ரிமென்டுக்குப் பதிவு வேண்டாம் என்பது பழைய கணக்கு. நகர்ப்புறத்தில் எத்தனை மாதமானாலும் எழுதி, வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். tenancy.tn.gov.in தளம் அதற்குத்தான்.

கரண்ட் பில் ஒரு தனிக்கதை. வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். சப் மீட்டர் வைத்த பல வீடுகளில் முதல் யூனிட்டிலிருந்தே எட்டு, பத்து என்று ஒரே விலை போட்டு வசூலிக்கிறார்கள். இலவசம் யார் கணக்கில் சேருகிறது என்று யோசித்துக்கொள்ளுங்கள். தனி இணைப்பு உள்ள வீடா என்று முதலிலேயே கேளுங்கள். இல்லையென்றால் யூனிட் விலையை அக்ரிமென்டில் எழுதச் சொல்லுங்கள்.

தகராறு வந்ததும் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்துவது சட்டத்துக்கு விரோதம். வீட்டைப் பார்க்க வருவதற்கும் 24 மணி நேரம் முன்னதாகச் சொல்ல வேண்டும். வாடகையை வாங்க மறுத்தால் வாடகை அதிகாரியிடம் கட்டலாம். இவர் துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அதிகாரி. நம் மாவட்டத்தில் புதுக்கோட்டை, அறந்தாங்கி, இலுப்பூர் என மூன்று வருவாய்க் கோட்டங்கள். கோட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்டால் வழி சொல்வார்கள். அதே நேரம், இரண்டு மாத வாடகை பாக்கி வைத்துவிட்டு இந்தச் சட்டத்தை நம்பி உட்கார முடியாது.

வாடகையே இல்லை, மொத்தமாகக் கொடுத்தால் போதும் என்கிற போக்கியத்தில் இன்னும் உஷார். பதிவு செய்யாத போக்கியப் பத்திரம் செல்லாது. வில்லங்கச் சான்று பாருங்கள். வங்கிக் கடன் பாக்கி உள்ள வீட்டை வங்கி எடுத்துக்கொண்டால் உங்கள் லட்சங்கள் நடுத்தெருவில். வீட்டைக் காட்டாமலே ஆன்லைனில் டோக்கன் அட்வான்ஸ் கேட்பவருக்கு ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள். அனுப்பி ஏமாந்திருந்தால் உடனே 1930க்கு அழையுங்கள்.

நான் ஒரு வீட்டைக் காலி செய்தபோது பெயின்டிங்குக்கு என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொண்டார்கள். அடுப்படிச் சுவரில் ஈரக் கறை நான் குடிபோன அன்றே இருந்தது. சொன்னேன், எடுபடவில்லை. சாவி வாங்கிய நாளில் ஒரு படம்கூட எடுத்து வைக்காதது என் தப்பு. நீங்கள் சுவர், குழாய், மீட்டர் ரீடிங் மூன்றையும் அன்றே படமெடுத்து உரிமையாளருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்.