கணினிக்கும் பொருத்தம் பார்த்தல் வேண்டும்

பொருத்தம் பார்த்தல் என்றவுடன் நம்மவர் நினைவுக்கு வருவன சாதகக் குறிப்பும் பஞ்சாங்கமும் சோதிடருமே. மணமக்களுக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கும் நாம், வீட்டுக்கு வாங்கும் பொருள்களுக்கு விலையொன்றை மாத்திரம் பார்த்து அமைந்துவிடுகின்றோம். அவ்வாறு அமைந்ததனால் அண்மையில் எமக்கு நேர்ந்த தவறொன்றையும், அதனாற் கற்ற பாடத்தையும் வாசகர்களுக்குக் கூறுதல் பயனுடைத்தாகும் என எண்ணியே இதனை எழுதுகின்றோம்.

வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடற்கரைக்கும் இடைப்பட்ட ஒழுங்கையொன்றில், தொடர்மாடி வீடொன்றில் நாம் வசிக்கின்றோம். அடுத்த வீட்டு அம்மையார் கந்தோர் ஒன்றில் லிகிதராகப் பணியாற்றுபவர், கணவரை இழந்தவர். அவருடைய ஒரே மகள் உயர்தர வகுப்பில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பத்தையும் ஒரு பாடமாகக் கற்கின்றாள். அவளிடமிருப்பது 2012 ஆம் ஆண்டிலே தந்தையார் வாங்கிவைத்த மேசைக்கணினி ஒன்றே. பைதன் மொழியில் நிரலொன்றை எழுதிக்கொண்டிருக்கும்போது பாடக்குறிப்பு ஒன்றையும் திறந்துவிட்டால், அக்கணினி பேச்சு மூச்சின்றி நின்றுவிடும். பரீட்சைக்கோ ஐந்து மாதங்களே இருந்தன.

புதிய கணினி வாங்குதல் அக்குடும்பத்துக்கு எளிதன்று. 2022 மார்ச்சில் நாணயமாற்று விகிதம் தளர்த்தப்பட்டபின், அதுவரை 200 ரூபா அளவில் நின்ற டொலர் சில மாதங்களுள் 360 ரூபாவைத் தொட்டதை நாம் அறிவோம். பின்னர் அஃது ஓரளவு இறங்கியபோதிலும் பழைய நிலைக்கு மீளவில்லை. இறக்குமதியாகும் கணினியின் விலையும் அவ்வாறே உயர்ந்து நின்றது.

“மாஸ்ரர், புதிசு வாங்க வழியில்லை. இதையே திருத்திப் பாவிக்கலாமோ?” என்று ஒருநாள் மாடிப்படியில் அம்மையார் எம்மை வினவினார். கல்லூரியிற் பௌதிகவியல் கற்பிக்கும் எமக்கு இது பெரிய வினாவாகத் தோன்றவில்லை. “நினைவகம் போதாமையே காரணம். 8 ஜிபி றாம் ஒன்று வாங்கிப் பூட்டுங்கள்” என்று கூறிவிட்டுப் பஸ்ஸைப் பிடிக்க விரைந்தோம்.

அவர் அவ்வண்ணமே வாங்கினார். மகளின் தனியார் வகுப்புக்கென ஒதுக்கிய ஒருமாதப் பணம் அதற்குச் செலவாயிற்று. ஆனால், வாங்கிய பொருள் கணினியினுள்ளே பொருந்த மறுத்தது. பிள்ளை ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டு, அச்சங்கொண்டு கையை எடுத்துவிட்டாள், அதுவே நற்காலமாயிற்று. கடைக்காரர் திரும்பப் பெற இசையவில்லை. “நீங்கள் கேட்டதைத்தானே தந்தனாங்கள்” என்றாராம். அதிற் பிழை காண்பதற்கும் இடமில்லை. கேட்கச் சொன்னவர் நாமல்லவா! அம்மையார் எம்மை ஒரு சொல்லேனும் நொந்து கூறவில்லை. அதுவே எம்மைப் பெரிதும் வருத்தியது.

கொட்டாஞ்சேனையிற் கற்ற பாடம்

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, கணினிப் பெட்டியைத் துணியாற் சுற்றி முச்சக்கரவண்டியில் ஏற்றிக்கொண்டு, பிள்ளையையும் தாயாரையும் உடனழைத்துக் கொட்டாஞ்சேனைக்குச் சென்றோம். ஜம்பட்டா வீதிக்கு அண்மையிலே சிறிய கடையொன்றில் கணினி திருத்தும் இளைஞர் ஒருவரை நண்பர் காட்டியிருந்தார். அவர் முதன்முதற் கேட்ட கேள்வியே எம்மைத் தலைகுனியச் செய்தது: “மாஸ்ரர், தாய்ப்பலகையின் பெயர் என்ன?” எமக்குத் தெரியாது. பெண்ணைப் பாராது மாப்பிள்ளையை நிச்சயித்தவர் நிலையில் நாம் நின்றோம்.

அவ்விளைஞர் பெட்டியைத் திறந்து, பழைய நினைவகத் தகட்டையும் புதியதையும் அருகருகே வைத்தார். நீளம் இரண்டுக்கும் ஒன்றே. ஆனால் அடிவிளிம்பிலுள்ள சிறு வெட்டு இரண்டிலும் வெவ்வேறிடத்தில் இருந்தது. பழையது டி.டி.ஆர்-3 என்னும் தலைமுறையைச் சேர்ந்தது. நாம் வாங்குவித்தது டி.டி.ஆர்-4. தவறான தகடு உட்புகாமற் காப்பதற்கென்றே அவ்வெட்டு இடம் மாற்றி அமைக்கப்பட்டுள்ளது. வலிந்து அழுத்தினால் பலகையே பழுதாகும்.

இவ்வேறுபாடு வணிகர் செய்த சூழ்ச்சியோ என ஐயுறுவோர்க்கு ஒரு விளக்கம் கூறுதல் வேண்டும். இன்று கணினிகளில் உள்ள நினைவகத்தின் அடிப்படையை அமைத்தவர் ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த றொபர்ட் டெனார்ட் என்னும் அறிஞர். 1968 ஆம் ஆண்டில் அதற்குக் காப்புரிமை பெற்றார். ஒரு திரான்சிற்றரும் ஒரு நுண்ணிய கொள்ளளவியும் சேர்ந்து ஒரு குறியைக் காக்கும் என்பதே அவர் கண்ட வழி. ஓட்டைப் பானையில் நீர் நில்லாதவாறு அக்கொள்ளளவியில் மின்னேற்றமும் நில்லாது கசியும். ஆதலால், பொதுவாக 64 மில்லிசெக்கனுக்குள் ஒவ்வொரு குறியையும் மீளப் புதுப்பித்தல் வேண்டும். மின் நின்றதும் நினைவு அழிவதும் இதனாலேயே.

புதுப்பிக்கும் அப்பணியை நடத்துவது நினைவகத்துக்கு வெளியேயுள்ள கட்டுப்படுத்தி. தகட்டின் அமைப்பையும் அளவையும் காலக்கணக்கையும் அஃது அறிந்திருத்தல் வேண்டும். டி.டி.ஆர்-2 தகடு 1.8 வோல்ற்றிலும், டி.டி.ஆர்-3 தகடு 1.5 வோல்ற்றிலும், டி.டி.ஆர்-4 தகடு 1.2 வோல்ற்றிலும் இயங்குவன. தொடுமுனைகளும் முதலிரண்டில் 240, டி.டி.ஆர்-4 இல் 288. எனவே ஒரு தலைமுறையின் பலகையில் மற்றொரு தலைமுறையின் தகடு வாழ்தல் இயலாது.

பார்க்கவேண்டிய ஐந்து பொருத்தங்கள்

மணத்துக்குப் பத்துப் பொருத்தமாயின் நினைவகத்துக்கு ஐந்து போதும். அன்று கற்றவற்றை வாசகர்களின், சிறப்பாக மாணவர்களின், பயன் கருதி ஈண்டுத் தொகுத்துக் கூறுவோம்.

முதலாவது, தலைமுறைப் பொருத்தம். பழைய தகட்டில் ஒட்டிய தாளைப் படித்தால் இது விளங்கும். பி.சி.2 என்றிருப்பின் டி.டி.ஆர்-2, பி.சி.3 என்றிருப்பின் டி.டி.ஆர்-3; பி.சி.4 என்றிருப்பின் டி.டி.ஆர்-4.

இரண்டாவது, இனப் பொருத்தம். மடிக்கணினிக்குரிய தகடு நீளத்திற் குறுகியது, மேசைக்கணினியிற் பொருந்தாது. பெருநிறுவனங்களின் சேவையகக் கணினிகளிலிருந்து கழற்றிய தகடுகளும் மலிவாகக் கிடைப்பதுண்டு. அவை உருவில் ஒத்தனவாயினும் வீட்டுக் கணினிகளில் பொதுவாக இயங்கா. தாளிலுள்ள எண்ணின் இறுதியில் ‘யூ’ என்னும் ஆங்கில எழுத்து இருப்பின் மேசைக்கணினிக்குரியது; ‘எஸ்’ மடிக்கணினிக்குரியது; ‘ஆர்’ சேவையகத்துக்குரியது.

மூன்றாவது, கொள்ளளவுப் பொருத்தம். ஒவ்வொரு பலகைக்கும் ஓர் எல்லை உண்டு. இன்டெல் ஜி-31 என்னும் அமைப்புடைய பழைய பலகைகள் 4 ஜிபிக்கு மேல் ஏலா. ஜி-41 பலகைகளில் இன்னுமொரு நுட்பம் உண்டு. 4 ஜிபி தகடொன்று மொத்தம் 32 கிகாபிற்று கொண்டது. அதனைப் பதினாறு சில்லுகளிற் பகிர்ந்தால் ஒன்றுக்கு 2 கிகாபிற்று. எட்டுச் சில்லுகளிற் பகிர்ந்தால் ஒன்றுக்கு 4 கிகாபிற்று. ஜி-41 முன்னையதை ஏற்கும், பின்னையதை ஏற்காது. ஆகவே தகட்டின் இருபுறமும் உள்ள சில்லுகளை எண்ணிப் பார்த்தல் நன்று. ‘ஏ.எம்.டி. கணினிக்கு மட்டும்’ என்று குறித்து மலிவாக விற்கப்படும் தகடுகளையும் இன்டெல் கணினி உடையோர் விலக்குதல் வேண்டும்.

நான்காவது, வேகப் பொருத்தம். பி.சி.3-12800 என்பதிலுள்ள எண் கண்டு மயங்கவேண்டாம். அதனை எட்டால் வகுத்தால் 1600 என வரும். கடைக்காரர் கூறும் வேகம் அதுவே. வேகம் வேறுபட்ட இரு தகடுகளைச் சேர்த்துப் பூட்டினால், இரண்டும் மெதுவானதன் வேகத்திலேயே நடக்கும். அளவும் வேகமும் ஒத்த இரட்டைத் தகடுகளாக இடுவதே சிறப்பு.

ஐந்தாவது, இயங்குதளப் பொருத்தம். 32 பிற்று விண்டோஸ் உள்ள வீட்டுக் கணினியில் எத்துணை நினைவகம் இட்டாலும் 4 ஜிபிக்கு மேற் பயன்படாது. மிகுதியைப் பயன்படுத்த 64 பிற்று இயங்குதளம் வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் முன்னே ஒரு கேள்வி உண்டு: குறை மெய்யாகவே நினைவகத்தில் உள்ளதா? கொன்ட்ரோல், சிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று சாவிகளையும் ஒருங்கே அழுத்தினால் விண்டோஸில் ஓர் அட்டவணை திறக்கும். வழக்கமான வேலையின்போது நினைவகம் முழுதும் நிரம்பி நிற்குமாயின், றாம் கூட்டுதல் பயன்தரும். பாதியும் நிரம்பாதிருப்பின், நோய் வேறிடத்தில் உள்ளது. பெரும்பாலும் தேய்ந்த வன்தட்டே காரணமாயிருத்தல் கூடும். நோயறியாது மருந்து வாங்குதல் அறிவுடைமையன்று.

பூட்டும் முறை

அம்மையாரின் கணினியிலிருந்தது இன்டெல் எச்-61 வகைப் பலகை. இரண்டு இடங்களுள் ஒன்றில் 2 ஜிபி தகடொன்று இருந்தது; மற்றையது வெறுமையாயிருந்தது. இளைஞர் பாவித்த டி.டி.ஆர்-3 தகடுகள் இரண்டினை, ஒவ்வொன்றும் 4 ஜிபியாக, தேர்ந்தெடுத்தார். மின்னிணைப்பை முற்றாகக் கழற்றினார். உடலில் தேங்கிய நிலைமின் சில்லுகளைத் தாக்காதவாறு பெட்டியின் உலோகப் பாகத்தைத் தொட்டுக்கொண்டார். பாவித்த தகடுகளின் பொன்னிறத் தொடுமுனைகளை அழிறப்பரால் மெல்லத் துடைத்தார். பின்னர் தகட்டைப் பிள்ளையிடம் கொடுத்து, “தங்கச்சி, வெட்டு நேராய் இருக்கோ எண்டு பார்த்து, இரண்டு பக்கமும் ஒரே அளவாய் அழுத்துங்கோ” என்றார். ‘டிக்’ என்னும் ஒலியுடன் இருபுறக் கொளுவிகளும் மூடின. கணினி 8 ஜிபி எனக் காட்டியது. பிள்ளை நிரலையும் பாடக்குறிப்பையும் ஒருங்கே திறந்தாள். கணினி நிற்கவில்லை. “அப்பான்ர கொம்பியூட்டர் இன்னும் ஓடும், அம்மா” என்று அவள் கூறியபோது தாயார் மறுமொழி கூறாது முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இதனால் எல்லாக் குறையும் தீர்ந்ததெனக் கூறுதல் உண்மையாகாது. விண்டோஸ் 10 க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14 இல் முடிவுற்றது. இத்துணைப் பழைய கணினிகள் விண்டோஸ் 11 க்குத் தகுதியுடையனவல்ல. நினைவகம் கூட்டியதனால் அத்தகுதி வந்துவிடாது. ஆதலால் கட்டணமின்றிக் கிடைக்கும் லினக்ஸ் இயங்குதளம் ஒன்றினை அக்கணினியில் நிறுவும்படி இளைஞர் கூறினார். பைதன் கற்பதற்கு அது தடையாகாது.

எஞ்சியது அந்தப் பொருந்தாத டி.டி.ஆர்-4 தகடு. அதன் விலையை நாம் கொடுத்தபோது அம்மையார் வாங்க மறுத்தார். “பிள்ளையின் வகுப்புப் பணம்” என்று வற்புறுத்திய பின்னரே ஏற்றுக்கொண்டார். அத்தகட்டையும், கழற்றிய பழைய 2 ஜிபி தகட்டையும் இப்பொழுது எம் மேசைமேல் அருகருகே வைத்திருக்கின்றோம். பொருள் வாங்க ஆலோசனை கேட்டு வரும் மாணவர்களிடம் முதலில் அவற்றைக் கொடுத்து, வேற்றுமை யாதெனக் கண்டு கூறும்படி கேட்கின்றோம். வெட்டின் இடத்தைக் கண்டுகொள்வோர் சிலரே. கண்டுகொள்ளாதவரை நாம் கடிந்துகொள்வதில்லை. அவ்வுரிமை எமக்கு இல்லை.