உங்களுக்குத் தெரியுமா?

மரம் ஏற ஒராங்குட்டானுக்கே பாடம் நடத்துகிறார்கள்!

• மலேசியாவின் சபா மாநிலத்தில், சண்டக்கான் அருகே உள்ள செபிலோக் மறுவாழ்வு மையத்தில் 1964 முதல் இந்த வேலை நடக்கிறது. காட்டில் குட்டி ஆறேழு ஆண்டுகள் தாயை விட்டுப் பிரியாது. ஏறுவது, இரை தேடுவது, இரவில் கிளைகளை வளைத்துப் படுக்கை அமைப்பது எல்லாம் தாயிடம் கற்பவை. தாயை இழந்த குட்டிக்குக் கயிறுகளும் ஊழியர்களுமே கதி.

• உணவு மேடையில் தினமும் இரு வேளை பழம், காய்கறி. வேண்டுமென்றே ஒரே மாதிரி உணவு! அலுத்தால்தானே காட்டுக்குள் தேடிப் போகும்?

• மேடைக்கு ஒன்றுகூட வராத நாளில் மையத்துக்கு மகிழ்ச்சி. டிக்கெட் வாங்கியவருக்குத்தான் ஏமாற்றம்.

• நம் சளி, காய்ச்சல் அவற்றுக்கும் தொற்றும். தும்மல் இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.