பதிவேடும் வலையமைப்புப் பழுதும்

யூனிக்ஸ் மரபில் தோன்றிய இயங்குதளங்கள் தம்முள் நிகழ்வனவற்றை நேரங்குறித்து எழுதிவைக்கும் இயல்புடையன. அங்ஙனம் எழுதப்படுவதே பதிவேடு. வலையமைப்பிலே தொடர்பு அறுந்தவிடத்து, அதனைச் சீர்செய்யப் புகுவோர்க்குப் பதிவேடு தலையாய சான்றாகும். ஆயினும், சான்று கூறுவார் எல்லாரையும் போல அதனையும் வினவியே அறிதல் வேண்டும்.

1980களிலே கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்கிலி வளாகத்தில் எரிக் ஓல்மன் என்பார், தாம் இயற்றிய ‘சென்ட்மெயில்’ என்னும் அஞ்சல் நிரலின் பொருட்டுச் ‘சிஸ்லொக்’ என்னும் பதிவுமுறையை ஆக்கினார். பிற நிரல்களும் நாளடைவில் அதனையே கைக்கொண்டன. இதன்கண் செய்திகள் 0 முதல் 7 வரை எட்டுத் தரத்தன. எண் குறையக் கடுமை மிகும். புதியோர் இதனை மாறாகக் கொள்வதுண்டு.

பழுதை நாடுவோர் அண்மையிலிருந்து சேய்மைக்குச் செல்லுதலே முறை. வடம் பொருந்தியுள்ளதா, கணினிக்கு எண்முகவரி வாய்த்ததா, அருகிலுள்ள வழிப்படுத்தி மறுமொழி தருகின்றதா, அதற்கு அப்பாலுள்ளது தருகின்றதா என இவற்றை ஒன்றன்பின் ஒன்றாக நோக்கல் வேண்டும். இதற்கு உதவுவது ‘பிங்’ என்னும் சிறு நிரல். அமெரிக்க இராணுவ ஆய்வுகூடம் ஒன்றிற் பணிபுரிந்த மைக் மூஸ் 1983 டிசெம்பரில் இதனை எழுதினார். நீர்மூழ்கியைத் தேடும் கருவியின் ஒலியே இதற்குப் பெயராயிற்று. எண்முகவரிக்கு மறுமொழி வந்து பெயருக்கு வாராதாயின், பாதை செவ்விது. பெயரை எண்ணாக மாற்றித்தரும் சேவையே பிழைத்தது. இவ்வேறுபாட்டை அறியாமையாலன்றோ குற்றமற்ற வடங்கள் பல மாற்றப்படுகின்றன! மறுமொழியின்மையும் முடிந்த சான்றன்று. தீச்சுவர் அதனைத் தடுத்திருத்தல் கூடும்.

இனிப் பதிவேட்டை நோக்குவோம். முகவரி பெறாத கணினி நேரங்காட்டும் சேவையை அடையாது, கோப்புக் களஞ்சியத்தை அடையாது, கடிதமும் அனுப்பாது. ஒவ்வொரு நிரலும் தன் குறையைத் தனித்தனியே முறையிட, ஏடு நூறு வரிகளால் நிரம்பும். ஈற்றிலுள்ள வரியே கண்ணிற் படும்; காரணமோ மேலே ஒற்றை வரியாய்க் கிடக்கும்.

அவ்வரியைக் காலத்தாற் காணலாம் எனின், காலமும் ஐயத்துக்குரியதே. 2001 இல் ஆவணப்படுத்தப்பெற்ற பழைய சிஸ்லொக் வடிவில் திங்களும் நாளும் நேரமும் உண்டு. ஆண்டும் நேரவலயமும் இல்லை. இரு கணினிகளின் கடிகாரங்கள் முரணுமாயின் விளைவு முன்னும் காரணம் பின்னுமாகத் தோன்றும். 2009 இல் வகுக்கப்பெற்ற வடிவு இக்குறையை நீக்கிற்று. எனினும் பழையது இன்றும் வழங்குகின்றது.

பதிவுகளைத் தொலைவிலுள்ள வேறொரு கணினிக்கு அனுப்பித் தொகுத்தலும் உண்டு. பழைய முறையில் அவை ‘யூ.டி.பி.’ வழியே செல்லும். பெற்றுக்கொண்டமைக்கு அத்தாட்சி கிடையாது. ஆகவே, பாதை அறுந்தது என்னும் செய்தி அவ்வறுந்த பாதையிலேயே சென்று மடியும். தொகுப்பேட்டில் ஒன்றும் எழுதாத கணினியே பெரும் பிணியுற்றதாதல் கூடும். இதனாற்றான் உள்வட்டிலும் ஒரு படி வைத்தல் இன்றியமையாததாகின்றது.

லினக்ஸ் தளங்கள் பலவற்றில் இன்று வழங்கும் ‘சிஸ்டம்-டி’யின் பதிவேடு, நிலையான கோப்புறை அமைக்கப்படாதவிடத்து, நினைவகத்தில் மாத்திரமே தங்கும். அங்கே பழுது நேர்ந்தவுடன் கணினியை நிறுத்தி மீளத் தொடக்குவோர், நேர்ந்ததைக் கண்ட ஒரே சான்றைத் தம் கையாலேயே அழித்தவராவர்.